வெயில் படாத கை

துபாய்க்குப் போன இரண்டாம் வருஷம் என் கணவரின் ஆபீஸில் என் தோலுக்கு நல்ல பெயர் ஏற்பட்டது. என்னை அங்கே யாருக்கும் தெரியாது. என் தோலைத் தெரியும்.

அவர் வேலை பார்த்த கம்பெனி வெளிநாடுகளிலிருந்து சோப்பு, பவுடர், முகத்துக்குப் போடும் க்ரீம் எல்லாம் வரவழைத்து வளைகுடா முழுக்கக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. கப்பலில் எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் விற்றுப்போகிற காலம். ஒருநாள் அவர் ஆசையாக ஒரு க்ரீம் டப்பா கொண்டுவந்து கொடுத்தார். நானும் ஆசையாகப் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் கன்னம் இரண்டும் தடித்து, ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. "உங்க ஆபீஸ் சரக்கோட லட்சணத்தப் போய்ச் சொல்லுங்க" என்று கோபத்தில் கத்தினேன். அவரும் போய்ச் சொன்னார். மேனேஜர் சிரித்தாராம். அதே க்ரீமைப் பற்றி அல் ஐன் ஊர்க் கடைக்காரர்கள் குறை சொல்ல ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மேனேஜர் பம்பாய்க்காரர், என்னைச் சொல்வது பாபி என்றுதான், அவர்கள் பாஷையில் அண்ணி. என் கணவரைக் கூப்பிட்டு, பாபியின் தோல் ரொம்ப உஷாரான தோல், இனி எந்தப் புதுச் சரக்கானாலும் முதலில் பாபி போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் ஆர்டர் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

என் கணவர் கெமிஸ்ட்ரி பட்டதாரி. படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாமல் இன்வாய்ஸ் டைப் அடித்துக்கொண்டிருந்தவருக்கு இது வரப்பிரசாதமாக வந்து வாய்த்தது. என் முழங்கையின் உள்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் கட்டம் போடுவார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பொட்டு க்ரீம். அதன்மேல் காஸ் துணி, அதன்மேல் பிளாஸ்டர். மறுநாள் பிளாஸ்டரைப் பிரித்து, டியூப் லைட்டுக்கு அடியில் என் கையைத் திருப்பித் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்ப்பார். கையில் தேறினால் காதுக்குப் பின்னால். அங்கேயும் தேறினால் கன்னம்.

"அரிக்குதா?"

"அரிக்குது."

"எப்படி அரிக்குது?"

அரிப்பில் எப்படி என்று என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்து, எறும்பு ஊர்கிற மாதிரி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி என்று ஏதாவது சொல்வேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவர் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. ஆரம்பத்தில் அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். எங்கள் வீட்டில் ஆபீஸ் க்ரீமே, என் பெண்டாட்டி கையே என்று ஆகிவிட்டது. அதை அவரிடமே சொன்னேன். சிரித்துக்கொண்டே அடுத்த கட்டத்தைப் போட்டார்.

பிறகு சட்டங்கள் வந்தன. மஞ்சள் பூசிக் குளிக்கக் கூடாது, தோலின் நிறத்தை அது மறைத்துவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது. வாசனை சோப்புக் கூடாது. குங்குமம் வைத்துக்கொள்ளலாம், நெற்றிக்கு மட்டும் பரிசோதனையிலிருந்து விலக்கு. இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சட்டம்: வெயிலில் போகக் கூடாது. வெயில் பட்டால் தோல் சிவக்கும், அப்போது க்ரீமால் சிவந்ததா, வெயிலால் சிவந்ததா என்று தெரியாமல் போகும் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கணக்குப் படித்த எனக்கே மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

அவர் என்னைக் கதவைப் பூட்டி உள்ளே வைக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சாவி ஆணியில்தான் தொங்கும். என் பாஸ்போர்ட் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருந்தது, அங்கே எல்லாருடையதும் அப்படித்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. ஒரு ஜன்னலை ஏ.சி. பெட்டி அடைத்துக்கொண்டது. இன்னொன்றைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். காய்கறி, பால் பவுடர், அரிசி எல்லாம் அவரே வாங்கி வந்துவிடுவார். லீவு நாளான வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு, க்ரீக் என்கிற உப்பங்கழி ஓரம் கூட்டிப்போவார். மற்ற நாட்களில் ஏ.சி. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கையில் பிளாஸ்டரோடு, சொறியாமல் உட்கார்ந்திருப்பதுதான் என் டூட்டி. சொறிந்தால் ரிசல்ட் கெட்டுப்போகும். சில மத்தியானங்களில் அந்தக் கையை வெட்டி எறிந்துவிடலாம் போல ஆத்திரம் வரும். அப்போது எழுந்து போய்ப் பாத்திரங்களைத் திரும்பக் கழுவுவேன், ஒற்றைக் கையால்.

கோயமுத்தூர் அக்காவை ஒரு பொங்கலன்று பழக்கமானவர்கள் வீட்டில் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கணவர் துறைமுகத்தில் வேலை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன் ஹாலில், நம் ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் பி.எஸ்ஸி. கணக்கு என்றும் கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரு வருஷம் டீச்சராக இருந்தேன் என்றும் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, சும்மா ஊட்ல உக்காந்துட்டு என்ன பண்றே? என்ர ஒருத்தியால முடியறதில்ல. காலைல ஒரு மூணு மணி நேரம் வந்து இந்தப் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடு."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டுவது, பின்பெஞ்சில் ஒரு பிள்ளை வாயைக் கையால் மூடிச் சிரிப்பது, எல்லாம் ஞாபகம் வந்தது. போயே ஆக வேண்டும் என்று இருந்தது. அந்த ஊரில் எனக்கென்று நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

"போலாமே, யார் வேண்டாங்கறா?" என்றார் என் கணவர். "இப்ப வந்திருக்கிற சரக்கு மட்டும் முடியட்டும். தினமும் வெயில்ல நடந்து போய்ட்டு வந்தா டெஸ்ட் பூரா வீணாயிடும்மா."

அப்போது வந்திருந்தது ஒரு பகல் க்ரீம். நல்ல வெண்மை, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை. நான் அதுவரை போட்டுப் பார்த்ததிலேயே மனசுக்குப் பிடித்தது அதுதான். கையில் ஒன்றும் இல்லை. காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கன்னத்திலும் கழுத்திலும் நாள் கணக்காகப் போட்டேன், ஒரு சின்னத் தடிப்புகூட இல்லை. என் தோலே ஒத்துக்கொண்டுவிட்டது என்று ஆபீஸில் ஒரே கொண்டாட்டம். மேனேஜர் பெரிய ஆர்டராகக் கொடுத்தார். என் கணவர் இனிப்பு வாங்கி வந்தார்.

"இப்பப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

"இன்னும் மூணு சாம்பிள் வந்திருக்கு. அது ஆனதும் கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, நீ போ" என்றார்.

அந்த மூன்று முடிந்ததும் இன்னும் இரண்டு வந்தன. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வந்தார். "தம்பி, உங்க ஊட்டம்மாவ அனுப்பி வெய்யுங்க. நாங் கூடவே கூட்டிட்டுப் போய்க் கூடவே கொண்டாந்து உட்றனுங்க" என்று கேட்டார். என் கணவர் மரியாதையாக உட்காரவைத்து, டீ கொடுக்கச் சொல்லி, கொஞ்ச நாள் போகட்டும் அக்கா என்றார். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் உள்ளே போய் அந்தப் பகல் க்ரீம் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க வெளியில அலையறவங்க. இதப் போட்டுக்குங்க. இவ மேலயே போட்டுப் பார்த்தது, நூத்துக்கு நூறு சேஃப்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் சொன்னது உண்மைதானே.

கோடை வந்தது. ஒரு நாள் முற்பகலில் கதவைத் தட்டுகிற சத்தம். அந்த நேரத்தில் என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. திறந்தால் அக்கா, புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து தலைப்பை எடுத்தார். இரண்டு கன்னத்திலும் காவிப் படை. கழுத்தில் காப்பி டிக்காஷனைச் சிந்தியது போலப் பழுப்புக் கோடுகள் மேலிருந்து கீழாக இறங்கியிருந்தன.

"டாக்டர்ட்டப் போனேன். வாசனையா எதாச்சும் போட்டுட்டு வெய்யில்ல போனீங்களான்னு கேட்டாரு. இந்த ஊர்ல வெய்யில்ல போகாம என்ன பண்றதுங்க, வேல வெட்டி பாக்க வேண்டாமான்னு கேட்டனாக்கும்" என்று சிரிக்கப் பார்த்தார். பிள்ளைகள் கேட்கிறார்களாம், மிஸ், கழுத்துல என்ன அழுக்கு என்று. அதைச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

"நீயும் போட்டயே கண்ணு, உனக்கு ஒண்ணுமே ஆகலயா?"

கையை நீட்டிக் காட்டினேன். கழுத்தைக் காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஜன்னல் பக்கம் நிறுத்தினார். அங்கே வெளிச்சம் போதவில்லை. டியூப் லைட்டைப் போட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"ஏங்கண்ணு, கடைசியா நீ வெய்யில்ல போனது எப்ப?"

யோசித்தேன். வெள்ளிக்கிழமை போனது பொழுது சாய்ந்து. பொங்கலுக்குப் போனது டாக்ஸியில், அதுவும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் போய் விளக்கு வைத்த பிறகு திரும்பியது. துணி காயவைப்பது குளியலறைக் கொடியில். எவ்வளவு பின்னால் போய்த் தேடினாலும் ஒரு வெயில் அகப்படவில்லை. என் கை, மாவு சலித்து வைத்த மாதிரி வெளுத்திருந்ததை அப்போதுதான் நான் பார்த்தேன். தினமும் லென்ஸ் வைத்துப் பார்க்கப்பட்ட கை. அக்காவுக்கு எதிரில் விக்கி விக்கி அழுதேன். அவர் கழுத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "அவங்க வேற எதையாவது கலந்து பூசியிருப்பாங்க. உன் மேல வராதது அவங்க மேல எப்படி வரும்?" என்றார். வெயில், வெயில் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் அவர் டூட்டிக்குப் போனதும் அந்தப் பகல் க்ரீமை இடது கையில் ஒரு கட்டம் தடவிக்கொண்டு, வலது கையை அப்படியே விட்டுவிட்டு, மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் வெயிலில் நீட்டினேன். கண் கூசியது. தலை சுற்றியது. ஆனாலும் கீழே இறங்க மனசே வரவில்லை. தொடர்ந்து சில நாட்கள் இதையே செய்தேன். வலது கை லேசாகக் கறுத்தது, அவ்வளவுதான். இடது கையில் கட்டம் போட்ட இடம் சிவந்து எரிந்து, பிறகு அச்சுக் குத்தினாற்போல் பழுப்பாகிவிட்டது.

இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினேன். லென்ஸை எடுத்தார். அதற்கு லென்ஸ் தேவையே இல்லை. பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது. சரக்கு எல்லாக் கடைகளுக்கும் போயிருந்தது, சேஃப் என்று சொன்னவர் அவர். பாவமாகத்தான் இருந்தது. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான், கடன் வேறு இருந்தது. மறுநாள் பயந்துகொண்டே ஆபீஸில் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த மட்டில் நல்ல மனுஷர். ஜாடிகள் ஒவ்வொன்றாகக் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. மேனேஜர் ஒரு வாரம் இவரோடு பேசவில்லை.

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம் அவர் படி ஏறி வரும் சத்தமே வேறு மாதிரி இருந்தது. உள்ளே நுழையும்போதே சிரிப்பு.

"மேனேஜர் உன்னை என்னமாப் புகழ்ந்தார் தெரியுமா? பாபிக்கு இருக்கிற மூளை இந்த ஆபீஸ்ல எவனுக்கும் இல்லேன்னுட்டார். இனிமே ஒவ்வொரு சாம்பிளையும் வெயில்லயும் பார்த்துடணும்னு சொல்லிட்டார். நானே யோசிச்சேன், மொட்டை மாடில தனியா நிக்கறதுக்கு நீ அக்கா ஸ்கூலுக்கே போய்ட்டு வாயேன். நடந்து போ, நடந்து வா. போக வரக் கையில நல்லா வெயில் படும். உனக்கும் ஆசை தீர்ந்தமாதிரி ஆச்சு."

எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை. போ என்று சொல்லிவிட்டார். ஆனால் நான் கண்டுபிடித்ததை எனக்கே கயிறாகத் திரித்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஸ்கூலுக்குப் போறேன்" என்றேன். "க்ரீம் வேண்டாங்க. சும்மா போறேன்."

அவர் பையை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"க்ரீம் இல்லேன்னா உனக்கு வெயில் எதுக்கு?"

கிண்டலாகக் கேட்கவில்லை, கோபமாகவும் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. கிண்டலாகவோ கோபமாகவோ கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தெரியாமல் கேட்கிறவரிடம் என்ன சொல்வது? சாப்பாடு எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் இடது கையில் கட்டம் போட்டு, புதுச் சாம்பிளைத் தடவி, பிளாஸ்டர் ஒட்டாமல் அனுப்பிவைத்தார். தலைப்பால் கையை மூடிக்கொள்ளாதே என்று படியில் இறங்கும்போது நினைவுபடுத்தினார். தெருவில் கால் வைத்தேன். துணிக்கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள், டாக்ஸிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வெயில் என் தலையிலும் தோளிலும் இறங்கியது. மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் பார்க்காமல் நடந்தேன்.

கேட்டைத் திறந்தது அக்காதான். கழுத்துக் கோடுகள் மங்கியிருந்தன, போகவில்லை. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அக்கா சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். விரலில் பிசுபிசுப்பு ஒட்டியதும் குனிந்து பார்த்தார்.

"இதையுந் தடவித்தான் அனுப்புனாரா?"

"ஆமாக்கா."

அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. காம்பவுண்டு மூலையிலிருந்த குழாயைக் காட்டினார். "போய்க் கழுவிட்டு வா கண்ணு. அவருக்கு ஆரு போய்ச் சொல்லப் போறாங்க" என்றார்.

போனேன். குழாயைத் திறந்தேன். வெயிலில் காய்ந்த குழாய், தண்ணீர் கொதித்துக்கொண்டு வந்தது. கையை அதன் கீழே நீட்டப் போனேன். கழுவிவிட்டால் சாயங்காலம் கையில் ஒன்றும் இருக்காது. அவர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். ஒன்றுமில்லை என்று மேனேஜரிடம் போய்ச் சொல்வார். கப்பலில் சரக்கு வந்து இறங்கும். அல் ஐனிலோ வேறு எங்கோ ஒருத்தி நம்பி வாங்கிப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போவாள். கழுவிவிட்டேன் என்று உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கை என்னுடையதாக இல்லை. தண்ணீர் கால் விரலில் தெறித்துச் சுட்டது. நகராமல் நின்றேன்.

"என்ன கண்ணு, தண்ணி வரலயா?" என்று அக்கா வாசற்படியிலிருந்து கேட்டார். திரும்பிப் பார்த்தேன். தலைப்பு நழுவி, கழுத்து முழுக்க வெளிச்சத்தில் தெரிந்தது.

"வருதுக்கா" என்றேன். குழாயை மூடிவிட்டு, கையைக் கழுவாமலே பிள்ளைகள் இருந்த ஹாலுக்குள் போனேன்.